ஒன்றை இழுத்தால்

நீடாமங்கலம் தாண்டி, கோரையாற்றுக்குத் தெற்கே
அறுப்பு முடிந்த வயலில்
முந்நூற்று நாற்பது வாத்துகள்.
போன செவ்வாய் ஆயிரத்து நூறு.
இமை வீங்கி ஒட்டிக்கொண்ட ஒன்றை
அஞ்சலாட்சி தொடையில் மல்லாத்திப் பிடிக்க
பஞ்சுக்குச்சியைத் தொண்டைக்குள் விட்டுத் திருகினேன்.
"ஊசி போட்டீங்களா?"
"வாங்கியாந்தோம். ஐஸு உருகிப்போச்சு."
கன்னியப்பன் வரப்புக்கு அந்தப் பக்கம் நின்று
முட்டை வியாபாரியிடம் போனில்
முன்பணத்துக்குத் தவணை கேட்டுக்கொண்டிருந்தார்.

பேருந்தில் மடிமேல் ஐஸ்பெட்டி.
"மீனா?" என்றார் நடத்துநர்.
இல்லை என்றேன். என்னவென்று சொல்லவில்லை.
லக்கேஜுக்குத் தனி டிக்கெட் கிழித்தார்.

பெட்டிக்குள் இருந்தது
கொழுப்புத் தோல் போர்த்திய உருண்டை, கோடிக்கணக்கில்.
தோல் அதனுடையதல்ல.
வாத்தின் செல்லை விட்டுப் புறப்படும்போது
அங்கேயே கிழித்து உடுத்திக்கொண்டது.
தோலில் குத்தி நிற்கும் புரதங்களுக்கு
வரைபடம் மட்டும் அதனுடையது;
மேலே பூசிய சர்க்கரைகூட
வாத்து வீட்டுச் சர்க்கரைதான்.

ஆய்வகத்தில் அவற்றுக்கு எழுத்துகளே பெயர்.
டி. ஹெச். எல். பி.
எல்லோரும் பி-யைப் பற்றித்தான் பேசுவார்கள்:
மூன்று உடல் ஒட்டி நிற்கும் வில்,
விரிந்து செல்லின் சவ்வில் குத்தி
மடங்கி
இரண்டு தோலையும் இழுத்து ஒன்றாக்கிவிடும்.
தானாக விரியாது.
இங்கே மதகு திறக்கிற கதைதான்.
ஷட்டர் இருக்கிறது, திருகு இருக்கிறது,
லஸ்கர் சாவியோடு கட்டையில் உட்கார்ந்திருக்கிறார்,
மேலேயிருந்து சொல் வரவேண்டும்.
டி வாசலைத் தொட்டு ஆளை அடையாளம் பார்த்து
ஹெச்சிடம் சொல்லும்.
ஹெச் பி-யிடம் சொல்லும்.
சொல் எப்படிக் கைமாறுகிறது என்பது
யாருக்கும் முழுசாகத் தெரியாது,
எங்கள் பேராசிரியைக்கும்.
தண்ணீர் வந்த பிறகு
யார் சொன்னது என்று எந்த ஊரில் கேட்டிருக்கிறார்கள்?

எனக்கு ஒதுக்கியது எல்.
சின்னது.
சவ்வில் ஊன்ற அதற்குக் கால் கிடையாது,
ஹெச்சின் தலையைப் பற்றிக்கொண்டுதான் நிற்கிறது.
ஓசியில் தொற்றிக்கொண்டு வருகிறது என்றுதான்
முதலில் நானும் நினைத்தேன்.
எல் இல்லாமல் ஹெச்சை மட்டும் செய்து பார்த்தேன்.
மடிப்பு தப்பி
செல்லின் உள்வலையிலேயே சுருண்டு கிடந்தது.
வெளியே வரவேயில்லை.
நான்கு மாதத்தில் மூன்று தடவை. அதே விடை.

பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்து
எதிர்ப்பொருள் ஒட்டிய மணிகளால்
ஹெச்சை மட்டும் பிடித்து இழுத்தேன்.
ஐந்து முறை கழுவினேன்.
இருட்டறையில், ஈரப் படச்சுருளில்
மேலே ஹெச்சுக்கு ஒரு பட்டை.
கீழே, மெலிசாக,
கூப்பிடாமல் வந்திருந்தது எல்.

மாதிரிப் படிவத்தில்
உரிமையாளர் என்று ஒரு கட்டம்தான்.
கன்னியப்பன், என்று எழுதியிருந்தேன்.
எது முதலில் தீனி மறுத்தது,
எது பச்சையாய்க் கழிந்தது,
எந்த ராத்திரி எத்தனை போயிற்று,
எல்லாம் அவள் வாயால் கேட்டவை.
உவமையாக்க மனம் வரவில்லை.
வைரசுக்கு யாரும் பெண்டாட்டி இல்லை.
கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில்,
பென்சிலால் அவள் பெயரை எழுதிவைத்தேன்.
அதற்கு மேல் அந்தப் படிவத்தில் இடமில்லை.

பிழைத்த வாத்துக்குள்ளும் அது இருக்கும்.
முகத்து நரம்பின் முடிச்சில்
தோலில்லாமல், டி இல்லாமல், ஹெச் இல்லாமல்,
வெறும் வரைபடமாகப் படுத்திருக்கும்.
இழுத்துப் பார்க்க அங்கே எதுவும் இல்லை.

நேற்று சாயங்காலம் கன்னியப்பன் எண்ணிலிருந்து
அஞ்சலாட்சி பேசினாள்.
"இருநூத்தித் தொண்ணூறு நிக்குது. தீனி எடுக்குது.
விடிஞ்சா திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஓட்டுறோம்."
வேறு மந்தையோடு சேர்க்காதீர்கள் என்றேன்,
வேறு மந்தை இறங்கும் தண்ணீரிலும் விடாதீர்கள் என்றேன்.
கொஞ்ச நேரம் வாத்துச் சத்தம் மட்டும் கேட்டது.
"வாய்க்கா ஒண்ணுதானம்மா," என்றாள்.